கொக்கியில் யாரும் இல்லை

மாலை ஐந்தரை. ஏரியிலிருந்து நம் தளத்துக்கு வரும் சரளைச் சாலை. வழியில் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. அக்டோபர் மாதம். பனி இன்னும் விழவில்லை, விழப்போகிற வாடை மட்டும் காற்றில் இருந்தது. அந்தச் சாலையில் டால்ஃப் எண்ணெய் லாரியை ஓட்டிக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தான்...

இரு கெல்ட்டன், எழுந்திருக்காதே. இந்த மூடுபனியில் எங்கே போகப் போகிறாய்? இந்த மூட்டத்தில் ஹெலிகாப்டர் மெஷின் பறக்காது. கரண்டும் போய்விட்டது. நம் எல்லோருக்கும் இருப்பது இந்த ஒரு அடுப்பு. பாறையில் துளைபோடுகிற தம்பிகளே, நீங்களும் கிட்ட வந்து உட்காருங்கள், உங்கள் முகாமுக்கு நாளைக்குக் காலையில்தான் போக முடியும். நோயெல்லா, அந்தக் காப்பி மிச்சமிருந்தால் எனக்கு ஒரு வாய் ஊற்று. இந்த ஊரில் பேய் என்று ஒன்று இருந்தால் அது உன் காப்பியைக் குடித்துச் செத்தவனாகத்தான் இருக்கும். ஆனாலும் ஊற்று.

"எஞ்சின் ஆயிலும் கிரீஸுமா திங்கிற ஆளுக்கு இது போதும்" என்கிறாள். சரி, போதும்.

குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன். இந்தப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ அறை. மார்லிஸ் உள்ளே இருக்கிறாள். கெல்ட்டன், நீ வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்று நீ இறங்கும்போது அவள் ரேடியோவில் ஒரு கேள்வி கேட்டாள், நீ ஒரு பதில் சொன்னாய். அதற்குப் பிறகு அவள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடவும் வரவில்லை. உன் மேல் தப்பில்லை. இங்கே வேலைக்கு வருகிற பைலட்டுகளுக்கு முதல் நாளே காதில் போட்டுவிடுகிற விஷயம் இது. உனக்குச் சொல்ல விட்டுப்போனது.

டால்ஃப் என் சிநேகிதன். இது அவன் அண்ணன் கார்னெட்டுக்கு நடந்தது. கார்னெட் இங்கே பைலட்டாக இருந்தவன். நீளக் கயிற்று வேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. வெளியே குமிழ் மாதிரிப் புடைத்திருக்கும் ஜன்னல் கண்ணாடிக்குள் தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டே, கயிற்றின் முனையில் தொங்கும் டிரம்மை உன் மடியில் இருக்கும் அந்தத் தட்டின் மேல் வைத்துவிடுவான்.

அன்றைக்கு டால்ஃப் லாரியில் வரும்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். அண்ணனின் மெஷின். முகாமில் சாமான் இறக்கிவிட்டுத் தளத்துக்குத் திரும்புகிறது. கீழே நீளக் கயிறு, முனையில் கொக்கி. கொக்கியில் ஒன்றும் இல்லை.

தம்பிகளுக்குத் தெரியாது, சொல்கிறேன். காலிக் கொக்கி என்றால் கயிறு நேராகத் தொங்காது. காற்றில் பின்னால் சாய்ந்து வரும், பட்டத்தின் வால் மாதிரி. கனம் இருந்தால்தான் நேராக நிற்கும். டால்ஃப் பார்த்தபோது கயிறு நேராக இருந்தது. குத்துக்கோடு போட்டது போல. இறுக்கத்தில் அது ம்ம்ம் என்று முனகுவது லாரிக்குள் கேட்டதாம். முனையில்... வெறும் கொக்கி.

லாரியை நிறுத்திவிட்டான். மெஷின் மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஆற்றின் முழங்கை வளைவுக்கு மேலே போனது. அங்கே போனதும் கயிறு சட்டென்று துள்ளிப் பின்னால் பறந்தது. யாரோ கையை விட்டது மாதிரி.

டால்ஃப் தளத்துக்கு வந்து சேர்ந்தபோது மெஷினின் சுழல் இறக்கை நின்றிருந்தது. கார்னெட் இருக்கையை விட்டு இறங்கவில்லை. தம்பியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"டேய்... நீ கீழ இருந்து பாத்தியா? கயிறு எப்படி இருந்துச்சு?"

"நேரா இருந்துச்சுண்ணா."

"அப்ப கொக்கியோட எடை மீட்டர் கெட்டுப்போகல" என்று சொல்லிவிட்டு, கார்னெட் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

ஏன் என்று புரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய ஜூன் மாதத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன்.

நம் வேலை என்ன? முகாமுக்கு எண்ணெய் டிரம் தூக்குகிறோம், அரிசி பருப்பு தூக்குகிறோம், காட்டுத் தீயில் தண்ணீர் ஊற்றுகிறோம், மீன் எண்ணுகிறவர்களைச் சுமந்துகொண்டு திரிகிறோம். எப்போதாவது போலீஸ் கூப்பிட்டால் மனிதரையும் தூக்குவோம். கயிற்றின் முனையில் நம் ஆள் ஒருவன் தொங்கிக்கொண்டு போவான். ஆபத்தில் இருக்கிறவரை வாரில் கட்டி, தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வருவான். இங்கே அந்த வேலைக்கு இருந்தவன் வெண்டல். மார்லிஸின் புருஷன்.

வெண்டலை உங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆள் வாட்டசாட்டம். வாசலில் அந்த எடை மேடை இருக்கிறதல்லவா, ஏறப் போகிறவர்கள் எல்லோரும் அதன் மேல் நின்றாக வேண்டும். மெஷினுக்கு முகம் தெரியாது, எடை மட்டும்தான் தெரியும். எல்லோரும் பொய் சொல்வார்கள். நோயெல்லா, நீயும்தான், முறைக்காதே. ஆனால் வெண்டல் மாதிரிப் பொய் சொன்னவன் கிடையாது. மேடையில் நின்று, ஒரு குதிகாலை மட்டும் நைசாக வெளியே தரையில் ஊன்றிக்கொள்வான். "நூத்தித் தொண்ணூறு பவுண்டு!" என்பான். மார்லிஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "குதிகாலையும் வைங்க, துரை" என்பாள். அவன் வைப்பான். இருநூற்றைந்து. தினமும் இந்தக் கூத்து. தினமும் அவள் சிரிப்பாள், தினமும் அவன் மாட்டிக்கொண்டவன் மாதிரி தலையைச் சொறிவான். அவளைச் சிரிக்கவைக்கத்தான் அதைச் செய்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஜூனில் ஆறு பெருகியது. முழங்கை வளைவில் இலோனா என்கிற பெண்ணின் வண்டி தண்ணீரில் மாட்டிக்கொண்டது. அவளும் அவள் மகள் டெஸ்ஸியும். குழந்தை வண்டியின் கூரை மேல். தாய் இடுப்பளவு தண்ணீரில் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கால் நழுவிக்கொண்டே இருக்கிறது. யார் முதலில் போய்விடுவாரோ அவரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வெண்டல் தாயை எடுத்தான். கரையில் இறக்கினான். அடுத்தது குழந்தை.

தளத்திலிருந்து மார்லிஸ் ரேடியோவில் கேட்டாள், வழக்கமாகக் கேட்பதுதான். "பிள்ளை எவ்வளவு எடைன்னு அவங்ககிட்டக் கேளுங்க." கரையில் நடுங்கிக்கொண்டிருந்த இலோனா சொன்னாள். "நாப்பத்தொண்ணு. போன வாரம்தான் டாக்டர்கிட்டப் பாத்தோம். புது பூட்ஸோட." பெரியவர்கள் எடையில் பொய் சொல்வார்கள். பிள்ளையின் எடையில் எந்தத் தாயும் பொய் சொல்லமாட்டாள்.

வெண்டல் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "தூக்கு" என்றான். கார்னெட் தூக்கினான். இருவரும் தண்ணீருக்கு மேலே ஆள் உயரம்கூட வந்திருக்கமாட்டார்கள்... வேரோடு பிடுங்கிக்கொண்டு ஒரு மரம் வெள்ளத்தில் உருண்டு வந்தது. வேர் எழும்பிக் கயிற்றில் மாட்டியது. மரம் போகிற பக்கம் மெஷினும் போக ஆரம்பித்தது. எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிகின்றன. மெஷின் ஒருக்களிக்கிறது. அப்போது கார்னெட்டின் காதில் வெண்டலின் குரல். கத்தவில்லையாம். சாதாரணமாகத்தான் சொன்னானாம்.

"விட்டுடு, கார்னெட்."

மனிதன் தொங்கும்போது கயிற்றை விடுவிக்க இரண்டு பிடிகள் உண்டு. தவறிக் கை பட்டு ஆள் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு. இரண்டையும் இழுத்தால்தான் கயிறு போகும். ஒன்றை இழுத்துவிட்டு, தவறிப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டை இழுத்தவன் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

கார்னெட் இரண்டையும் இழுத்தான்.

வெண்டல் கிடைத்தான். ஆற்றோட்டத்தில் கீழே ஒரு மணல் திட்டில். வார் அப்படியே இருந்தது. இரண்டு கையும் மார்புக்குக் குறுக்கே மடங்கி, எதையோ அணைத்த மாதிரி. ஆனால் கைக்குள் ஒன்றும் இல்லை. டெஸ்ஸி கிடைக்கவே இல்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "கை காலியா இருந்துச்சாமே." "உசுர் போற நேரத்துல தன்னோடதைத்தானே பாப்பான் மனுஷன்." கடையில் இலோனா மார்லிஸை நேருக்கு நேர் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, சாமான் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்த மௌனம் மார்லிஸைத் தின்றுவிட்டது. புருஷன் செத்ததுகூட இல்லை... அவர் பிள்ளையை விட்டுட்டாரா, விடலையா. இந்த ஒன்று தெரியாமல் அவளால் தூங்க முடியவில்லை. நள்ளிரவில் என் வீட்டுக் கதவைத் தட்டி, "அந்த வார்ல கொக்கி நல்லாத்தானே இருந்துச்சு? நீதானே பாத்தே?" என்று கேட்பாள். இந்தச் சனியன் பிடித்த வேலையை விட்டுவிடலாம் என்று எனக்கே அப்போது தோன்றியது.

அது காற்று. கதவு சரியாகச் சாத்தவில்லை போல. இருக்கட்டும், உட்கார்.

இப்போது அக்டோபருக்கு வருவோம். கார்னெட் ரேடியோ அறைக்குப் போனான். மார்லிஸ் முன்னால் நின்றான். ஜூனுக்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"மார்லிஸ், நான் சொல்றதைக் கேட்டு என்னைப் பைத்தியம்னு சொல்லு, பரவாயில்ல. சாயங்காலம் காலிக் கொக்கியோட அந்த மணல் திட்டைத் தாண்டினா எடை ஏறுது. வளைவு வரைக்கும் இருக்குது. வளைவுல போயிடுது. தினமும்."

"எவ்வளவு?"

"அதான் எனக்குப் புரியல. வெண்டல்னா இருநூத்தஞ்சு காட்டணும். அது காட்டல. இருநூத்து நாப்பத்தாறு காட்டுது."

மார்லிஸ் இருநூற்று நாற்பத்தாறிலிருந்து இருநூற்றைந்தைக் கழித்தாள். கணக்குப் போட அவளுக்குக் காகிதம் வேண்டாம், வாழ்க்கை முழுக்க எடையைக் கூட்டிக் கழித்தவள். பிறகு மேசை மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் வாசலில் நின்றிருந்தேன். இவ்வளவு நாளும் அழாத அழுகை.

"நாப்பத்தொண்ணு" என்றாள். "புது பூட்ஸோட. விடலை கார்னெட். அவர் விடவே இல்ல. இன்னும் பிடிச்சுக்கிட்டிருக்கார்."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவளுடைய அந்த முகம் எனக்குத் தெரியும், யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். "வளைவு வந்ததும் ஏன் போயிடறார் தெரியுமா? உனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு. அங்க வந்ததும் நீ பயப்படறே, அவர் தானே இறங்கிடறார். நாளைக்கு நீ எதுவும் பேசாதே. நான் பேசறேன்."

மறுநாள் சாயங்காலம். இலோனாவை வரச்சொல்லியிருந்தாள். என்ன சொல்லி வரவழைத்தாளோ தெரியாது. கொக்கி இறங்கும் இடத்தில் நான் ஒரு பழைய கம்பளத்தை விரித்தேன், இன்றைக்கும் அங்கே கிடக்கிறதே அதுதான். இலோனா அதன் ஓரத்தில் நின்றாள். டால்ஃபும் நானும் சற்றுத் தள்ளி, மெஷின் நிறுத்தும் கொட்டகை வாசலில் இருந்த ஒலிபெருக்கிக்குக் கீழே.

மார்லிஸ் பேச ஆரம்பித்தாள். வெண்டல் பயன்படுத்திய அலைவரிசையில், வீட்டில் பேசுவது போலவே. "ராத்திரிக்கு மான்கறி வச்சிருக்கேன். உங்க தம்பி அனுப்பினான். ஆறிப்போனா மறுபடி சூடு பண்ணித் தரமாட்டேன், சொல்லிட்டேன். கூரை இன்னும் ஒழுகுது, ஏணியை எங்க வச்சீங்கன்னு எனக்குத் தெரியல. பாப்பாவுக்குக் குளிரும், ஜாக்கெட்டை இழுத்துப் போத்துங்க. வளைவு வருது. வரட்டும். நீங்க பாட்டுக்கு வாங்க. கார்னெட் பிடிச்சுக்குவான். விட வேண்டாம். இந்தத் தடவை யாரும் எதையும் விட வேண்டாம்..."

மெஷின் வளைவைத் தாண்டியது. கயிறு நேராகவே இருந்தது.

தளத்துக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றது. விசிறிக் காற்றில் கம்பளத்தின் ஓரம் படபடத்தது. வழக்கமாக எத்தனை அடி இருக்கிறது என்று தொங்குகிறவன்தான் சொல்லுவான். அன்று மார்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து எண்ணினாள். "பத்து... அஞ்சு... மூணு... ஒண்ணு." கொக்கி கம்பளத்தைத் தொட்டது. பூ வைப்பது மாதிரி.

ஈரக் கம்பளி வாடை. ஆற்றுச் சேற்று வாடை. அவ்வளவு காற்றிலும் அது எங்கள் மூக்குக்கு வந்தது. அப்புறம் கம்பளத்தின் மேல்... க்ரீச்... க்ரீச்... புது பூட்ஸில் தண்ணீர் இருந்தால் வருகிற சத்தம். சின்னச் சத்தம்.

இலோனா முழங்காலிட்டாள். கையை நீட்டினாள். பிறகு மடக்கினாள். எழுந்தாள், பாரம் தூக்குகிறவள் மாதிரி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, சாலையில் நடந்தே வீட்டுக்குப் போனாள், தோளில் கிடப்பவளிடம் சொல்வது மாதிரி எதையோ சொல்லிக்கொண்டே. மறுநாள் கடையில் எல்லோர் முன்னாலும் மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் விடலைங்க" என்று சத்தமாகச் சொன்னாள். அத்தோடு ஊர் வாய் அடங்கியது.

கதை இங்கே முடிந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். முடியவில்லை.

குழந்தை இறங்கியதும் மீட்டர் இருநூற்று நாற்பத்தாறிலிருந்து இருநூற்றைந்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. கொக்கி தரையில் கிடக்கிறது, கயிறு தளர்ந்து கிடக்கிறது, மீட்டர் மட்டும் இருநூற்றைந்து. கார்னெட் காத்திருந்தான். மெஷினில் எண்ணெய் தீரப்போவதைக் காட்டும் விளக்கு எரிந்தது. இறக்கை நிற்கும்வரை ரேடியோவில் இருப்பவள் இருக்கையை விட்டு எழக் கூடாது, அது விதி. மார்லிஸ் உள்ளே இருந்துகொண்டே கேட்டாள்.

"எடை?"

கார்னெட் என்ன செய்வான், சொல்லுங்கள். இன்னும் தொங்குகிறான் என்று சொன்னால் அவள் இந்த ஜன்மத்துக்கு அந்த ஜன்னலை விட்டு நகரமாட்டாள். மனசு வரவில்லை அவனுக்கு.

"பூஜ்யம்" என்றான்.

அவள் வெண்டலின் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கம்பளத்தில் யாரும் இல்லை. இறங்கிப் போய்விட்டார், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். ஜாக்கெட்டைக் கொண்டுவந்து இந்த வாசல் ஆணியில் மாட்டினாள். அந்த வாரமே கார்னெட் பறப்பதை விட்டுவிட்டான். இப்போது தெற்கே எங்கேயோ மரக்கடையில் வேலை பார்க்கிறான்.

அதிலிருந்து, நீளக் கயிற்றோடு மாலையில் திரும்பும் ஒவ்வொரு பைலட்டிடமும் அவள் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பாள். எடை? எல்லோரும் கொக்கியைக் கம்பளத்தில் மெதுவாக வைப்பார்கள். எல்லோரும் மீட்டரைப் பார்ப்பார்கள். எல்லோரும் பூஜ்யம் என்பார்கள். எடையில் பொய் சொல்வது இங்கே பழகிப்போன விஷயம்தானே.

கெல்ட்டன்... இன்று அவள் கேட்டபோது நீ என்ன சொன்னாய்?

"இருநூத்தஞ்சுன்னு காட்டுதுங்க, கொக்கி தரையிலதான் இருக்கு, மீட்டர் கெட்டுப்போச்சு." இதைத்தானே? நான் மெஷின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒலிபெருக்கியில் அவள் "திரும்பச் சொல்லு" என்றாள். நீ திரும்பச் சொன்னாய். அப்புறம் ஒலிபெருக்கி க்ளிக் என்று அடங்கியது.

அழாதே நோயெல்லா. எனக்குத் தோன்றுவதைச் சொல்லவா? எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியில்தான் இறங்குவான் வெண்டல். தன்னை இறக்கிக்கொள்ள யாராவது வந்து நிற்க வேண்டும் அவனுக்கு. அவள் வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் அவன் காதுபட நாங்கள் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தோம், கொக்கியில் யாரும் இல்லை என்று.

ஷ்ஷ்... இந்த வாடை உங்களுக்கும் வருகிறதா? ஈரக் கம்பளி.

அந்த டார்ச்சைக் கொடு. வாசல் பக்கம் அடிக்கிறேன். ஆணியைப் பாருங்கள். ஜாக்கெட் இல்லை. நோயெல்லா காப்பி ஊற்றியபோது இருந்தது.

யாரும் எழ வேண்டாம். கொஞ்சம் கீழே... எடை மேடையைப் பாருங்கள். ஈரம். பூட்ஸ் தடம். நம்மில் யாருக்கும் அவ்வளவு பெரிய கால் கிடையாது. இடது தடம் முழுசாக இருக்கிறது. வலது... முன்பாதி மட்டும். குதிகால் மேடைக்கு வெளியே, தரையில்.

பேசாதீர்கள். சுவர் பக்கம் காதை வையுங்கள். மார்லிஸ் சிரிக்கிறாள். எத்தனை வருஷமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு... கேட்கிறதா, என்ன சொல்கிறாள் என்று?

"குதிகாலையும் வைங்க, துரை."